மஞ்சள் மழைக்கோட்டுக்கு எத்தனை ஓட்டு

ஜனவரி 6, செவ்வாய்

வேலை வந்துவிட்டது. முன்னூறு படிவம், நான்கு வாரம்.

நான்கு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்னக் கம்பெனி வீடியோ கேம் ஒன்று செய்திருக்கிறது. பெயர் 'இன்னும் ஏழு நிமிடம்'. மழையில் மூழ்கிய சென்னையில் சாப்பாடு டெலிவரி செய்கிற ஒருவனாக நாம் வண்டி ஓட்ட வேண்டும். பின்னால் பெரிய முதலாளி இல்லாததால் ஒரே ஒரு சுவரொட்டியை நம்பியிருக்கிறார்கள். இணையக் கடையிலும் அதே படம்தான் முகப்பில் நிற்குமாம். மூன்று படம் வரைந்து வைத்திருக்கிறார்கள். இந்த மாதிரி கேம் வாங்குகிறவர்களைத் தேடிப்பிடித்து, எது பிடித்திருக்கிறது, ஏன் என்று கேட்டு எழுத வேண்டும். அதிக ஓட்டு வாங்குவது சுவரில் ஏறும். மற்ற இரண்டும் குப்பை.

ஞானசேகர் சார் எங்கள் சர்வே ஆபீசின் சூப்பர்வைசர். இருபது வருடம் தெருத்தெருவாகக் கேள்வி கேட்டு முழங்கால் தேய்ந்த மனிதர்.

"ஏம்மா எழிலரசி, எப்பவும் நான்தான் ஆபீசுக்கு வேலை பிடிச்சிட்டு வருவேன். இந்தத் தடவை நீ பிடிச்சிட்டு வந்திருக்க. இப்படி ஒரு வேலை இருக்குன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நெட்ல பாத்தேன் சார்."

"நீ கேம் விளையாடுவியா?"

"என் தம்பி விளையாடுவான்."

இதில் எதுவும் பொய் இல்லை.

ஜனவரி 7, புதன்

இன்று கேம் கம்பெனிக்காரர்கள் எங்களுக்கு விளக்கம் சொன்னார்கள். முதலாளி பெயர் அஷ்வத். வயது முப்பது இருக்கும், செருப்பில்லாமல் ஆபீசுக்குள் நடக்கிறான். மூன்று அட்டைகளை மேசையில் பரப்பினான்.

முதல் அட்டையில் மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒருத்தன் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறான். ஹெல்மெட் கையில் இருக்கிறது. நம்மை நேராகப் பார்க்கிறான். கோட்டின் இடது தோளில் கிழிசல். அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் பெருக்கல் குறி மாதிரி ஒட்டியிருக்கிறது. டேப்பின் ஒரு முனை பிய்ந்திருப்பதைக்கூட வரைந்தவர் விடவில்லை.

இரண்டாம் அட்டையில் கண்ணாடிக் கட்டடங்கள், ஊதா வெளிச்சம், மேம்பாலத்திலிருந்து பறக்கும் ஒரு பைக்.

மூன்றாம் அட்டையில் மழை பெய்து ஓய்ந்த சாலை. விளக்கு வெளிச்சம் தாரில் வழிகிறது. எங்கோ தூரத்தில் ஒரு வண்டி நிற்கிறது. ஆள் இல்லை.

"எனக்குப் பர்சனலா ஃபர்ஸ்ட்தான் பிடிக்கும்" என்றான் அஷ்வத். "ஆனா என் ஃபீலிங்கை வச்சு டிசைட் பண்ண முடியாது. டேட்டா என்ன சொல்லுதோ அதான்."

"இந்த ஆளு நிஜ ஆளா சார்?" என்று ஞானசேகர் சார் கேட்டார்.

"ஆமா. ஒரு ரைடர். நாலு சண்டே வந்து உட்கார்ந்து பேசினார். அவர் சொன்னதுதான் பாதி கேம். ஃபோட்டோவும் எடுத்தோம். அப்புறம் என்ன ஆச்சோ, மெசேஜுக்கு ரிப்ளையே இல்ல. அந்த வேலையில ஆளுங்க அப்படித்தான், திடீர்னு காணாமப் போயிடுவாங்க."

நான் படிவங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

விதிகள் மூன்று. ஒன்று, அட்டைகளைக் காட்டும் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் முதலில் பார்த்ததையே பாதிப் பேர் காட்டுவார்கள். இரண்டு, படிவத்தின் இரண்டாவது கேள்வி: 'கடந்த ஆறு மாதத்தில் பணம் கொடுத்து ஏதேனும் கேம் வாங்கினீர்களா?' இல்லை என்றால் பக்கத்தில் அச்சடித்திருக்கிறது: நன்றி கூறி முடிக்கவும். மூன்று, பேரும் விலாசமும் போன் நம்பரும் வாங்க வேண்டும். பத்தில் ஒருவருக்கு ஞானசேகர் சாரே போன் போட்டு, நிஜமாகவே கேட்டோமா என்று சரிபார்ப்பார்.

வீட்டுக்கு வந்தால் பெரும்பாக்கத்தில் லிஃப்ட் ஓடவில்லை. எட்டு மாடி. அம்மா வழக்கம்போல் தம்பியின் போனைச் சார்ஜில் போட்டிருந்தாள்.

ஜனவரி 9, வெள்ளி

ரிச்சி தெரு. கம்ப்யூட்டர் சாமான் வாங்க வந்தவர்களை மறித்துக் கேட்டேன். பதினாறு படிவம். வெயிலில் மண்டை பிளக்கிறது.

ஒரு இன்ஜினியரிங் மாணவன் முதல் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது டெலிவரி அண்ணா மாதிரில்ல இருக்காரு?"

"ஆமா."

"அப்ப ஹீரோ எங்கக்கா?"

அவன் நக்கல் செய்யவில்லை. உண்மையாகவே தேடினான். இரண்டாவது அட்டைக்கு ஓட்டுப் போட்டுவிட்டுப் போனான்.

ஜனவரி 12, திங்கள்

வேளச்சேரியில் ஒரு கேமிங் சென்டர். குளிர் அடிக்கிறது. மணிக்கணக்கில் நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறார்கள். சாப்பாடு உள்ளே வரக் கூடாதாம். அதனால் டெலிவரிக்காரன் வாசலில் பையுடன் நிற்கிறான். இவர்கள் கேமைப் பாதியில் நிறுத்த முடியாமல் அவனைக் காக்க வைக்கிறார்கள். நான் இருந்த நேரத்தில் ஒருவன் பத்து நிமிடம் நின்றான்.

ஐ.டி.யில் வேலை பார்க்கும் ஒரு பெண் நன்றாக யோசித்துப் பதில் சொன்னாள். இதுவரை கேட்டவர்களில் அவள்தான் மூன்று படத்தையும் ஒழுங்காகப் பார்த்தவள்.

"என் ரூம் சுவத்துல ஒட்டணும்னா தேர்டுதான். செம வைப் இருக்கு. ஃபர்ஸ்ட் நல்லா வரைஞ்சிருக்காங்க, ஆனா டெய்லி அதைப் பார்த்தா அப்புறம் எப்படிங்க சாப்பாடு ஆர்டர் பண்றது? கில்ட்டா இருக்கும்."

'கில்ட்டா இருக்கும்' என்றே எழுதிக்கொண்டேன். பதிலை நம் வார்த்தையில் மாற்றக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் விதி. நான் மாற்றவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 13, செவ்வாய்

ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். முதல் அட்டையைக் கடைசியாகக் காட்டி, கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றால், இரக்கப்பட்டாவது இரண்டு பேர் அதைக் காட்டுகிறார்கள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கீழே பிளாக்கில் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுகிறார்கள். நாங்கள் இந்த வருடமும் பானை வைக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒரு டம்ளரில் பொங்கல் கொடுத்துவிட்டு, எதுவும் கேட்காமல் போய்விட்டாள்.

படிவங்களைத் தரையில் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தேன். அட்டைகளை ஒளித்து வைக்க மறந்துவிட்டேன். அம்மா தண்ணீர் எடுக்க வந்தவள் அப்படியே குந்திவிட்டாள்.

"தீபன யாருடி வரஞ்சது?"

சொன்னேன். தம்பி நான்கு ஞாயிற்றுக்கிழமை எங்கே போனான், யாரிடம் பேசினான், என்ன கொடுத்தார்கள் என்று எல்லாம் சொன்னேன். ஒரு பீட்சாவும் ஒரு பனியனும் கொடுத்தார்கள். அந்தப் பனியன் இன்னும் பீரோவில் இருக்கிறது.

அம்மா தோளில் இருந்த கறுப்பு டேப்பைத் தொட்டாள். "இது நீ ஒட்டுனதுல்ல?"

"ஆமா."

"புதுக் கோட்டு வாங்கித் தர்றேன்னு சொன்னேன். வேணாம் வேணாம்னான்."

பிறகு மூன்று அட்டையையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள். முதல் அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுக்கு அழுகை வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நடந்ததை ஒரே ஒரு தடவை இங்கே எழுதி வைக்கிறேன். போன வருடத்துக்கு முந்தின வருடம், டிசம்பர் மூன்று, மதியம் மூன்று மணி. இரண்டு நாள் மழை. பெரிய அபார்ட்மெண்டில் எட்டாவது மாடிக்குப் பிரியாணி கொடுத்துவிட்டுத் திரும்பினான். சாலையில் தண்ணீர். தண்ணீருக்கு அடியில் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம். ஒரு தடுப்பு இல்லை, ஒரு கயிறு இல்லை. மறுநாள் காலையில்தான் எடுத்தார்கள். மழைக்கோட்டை வைத்து அடையாளம் சொன்னேன். அவனை வேலைக்கு வைத்திருந்த டெலிவரி கம்பெனி ஒரு மெயில் அனுப்பியது: ஆர்டரைக் கொடுத்து நான்கு நிமிடம் ஆகிவிட்டது, அடுத்த ஆர்டர் வரவில்லை, எனவே அவர் அப்போது பணியில் இல்லை. பள்ளம் தோண்டியவர்கள், அது எங்கள் எல்லை இல்லை என்றார்கள்.

அவன் எந்த எல்லையிலும் இல்லை, எந்த நேரத்திலும் இல்லை. ஒரு சுவரிலாவது இருக்கட்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டும். மனுஷன் முகம் ஒன்று ஊர்ச் சுவரில் நேராகப் பார்க்கட்டும், இவர்கள் சாப்பிடும்போது.

ஜனவரி 19, திங்கள்

சரிபாதி முடிந்தது. நூற்றைம்பது படிவம்.

மூன்றாம் அட்டை 73. இரண்டாம் அட்டை 58. முதல் அட்டை 19.

பத்தொன்பதில் ஆறேழு என் கைப்பிடிக்கு விழுந்தவை.

ஜனவரி 20, செவ்வாய்

சரியான ஆட்களிடம் கேட்கவில்லை என்று தோன்றியது. யாருடைய கதையோ அவர்களிடம் கேட்போம் என்று துரைப்பாக்கம் போனேன். பல ஹோட்டல்களின் பேர் ஒரே ஷட்டரில் எழுதியிருக்கும் ஒரு பெரிய சமையல் கூடம். வாசலில் இருபது வண்டி. ஆர்டருக்குக் காத்துக்கொண்டு எல்லோரும் போனில் கேம் ஆடிக்கொண்டிருந்தார்கள். முபாரக்கும் இருந்தான். தீபனோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கடைசி வரை நின்றவன்.

"இன்னாக்கா, கேள்வி கேக்குற வேலையா? கேளு கேளு. எங்களைலாம் யாரு கேக்குறா? எங்கடா இருக்க, ஏன்டா லேட்டுன்னு போன்ல ஆப்பு மட்டுந்தான் கேக்குது."

அட்டைகளைக் கொடுத்தேன். முதல் அட்டையைப் பார்த்தவுடன் சிரிப்பு நின்றுவிட்டது.

"டேய், இங்க வாங்கடா. நம்ம தீபன்டா இது."

எல்லோரும் வந்து பார்த்தார்கள். ஒருவன் தொப்பியைக் கழற்றினான். எனக்குத் தெம்பு வந்தது. எது பிடித்திருக்கிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். பதினோரு பேர். ஒன்பது பேர் மூன்றாம் அட்டை. இரண்டு பேர் பறக்கிற பைக். முதல் அட்டைக்கு ஒருவர்கூட இல்லை.

"முபாரக், நீயுமாடா?"

"தப்பா நெனைக்காதக்கா. தண்ணில நிக்கிறத நான் வருசா வருசம் ஓசிலயே பண்றேன். அத வேற படமா பாக்கணுமா? இந்த மூணாவதப் பாரு. ரோட்ல ஒரு பய இல்ல. சிக்னல் இல்ல, போலீசு இல்ல. முறுக்குனா வண்டி எங்க போய் நிக்கும் தெரியுமா?"

அவன் கட்டை விரல் அந்த வெறும் சாலையின் மேல் ஓடியது.

இந்தப் பதினோரு படிவமும் எப்படியும் செல்லாது. யாரும் காசு கொடுத்து கேம் வாங்கியதில்லை. எல்லாம் ஓசி கேம். இரண்டாவது கேள்வியிலேயே நன்றி கூறி முடித்திருக்க வேண்டும். கதை இவர்களுடையது. பார்வையாளர்கள் மட்டும் வேறு யாரோ.

ஜனவரி 21, புதன்

தூக்கமில்லை. எல்லோர் மேலும் கோபம் வருகிறது. முபாரக் மேல் கோபப்படுவது அநியாயம் என்று தெரிகிறது. இருந்தும் வருகிறது.

ஜனவரி 23, வெள்ளி

போலிப் படிவம் எழுதுவது ஒரு கலை. ஆபீசில் சேர்ந்த முதல் வாரமே ஞானசேகர் சார் சொன்னார்: "டீக்கடையில உக்காந்து ரொப்புன ஃபார்ம் எது, தெருவுல நின்னு எடுத்தது எதுன்னு எனக்கு வாசனையிலயே தெரியும்மா. திருட்டு ஃபார்ம் சுத்தமா இருக்கும். மனுஷன் அவ்வளவு சுத்தமா பதில் சொல்ல மாட்டான்."

அதனால் அழுக்காக எழுதுகிறேன். நான்கு பேனா. சிலது இடது கையால். ஏழு படிவத்துக்கு ஒருமுறை காரணத்தில் 'தெரியாது'. சிலதை நான்காக மடித்துப் பையில் போட்டு மேலே உட்கார்ந்து எடுத்தேன். ஒன்றில் டீ சிந்தினேன்.

போன் நம்பருக்கு முபாரக்கிடம் போனேன்.

"உன் கூட்டாளிங்க நம்பர், அவங்க தங்கச்சி தம்பி நம்பர் எல்லாம் குடு. போன் வந்தா, ஆறு மாசத்துல ஒரு கேம் வாங்குனேன், முதல் கார்டு புடிச்சுதுன்னு சொல்லணும். ஏன்னு கேட்டா, அதுல ஒரு மனுஷன் இருக்கான்னு சொல்லணும்."

"பொய் சொல்லணுமா? அது தெனமும் கஸ்டமர் கிட்ட சொல்றதுதான. 'ரெண்டே நிமிசம் சார், உங்க தெரு முனைலதான் இருக்கேன்.'" போனில் நம்பர்களைக் காட்டிக்கொண்டே, "இதுல தீபனுக்கு என்னக்கா கெடைக்கும்?" என்றான்.

நம்பர்களை எழுதிக்கொண்டேன். படிவத்தில் எழுதினால் இதுதான் 'தெரியாது'.

ஜனவரி 26, திங்கள்

லீவு. இருபத்திரண்டு பேரை உருவாக்கினேன். அம்பத்தூரில் ஒரு லேப் டெக்னீசியன். போரூரில் பி.காம். படிக்கும் இரட்டையர். எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் முதல் அட்டையைப் பார்த்து வாயடைத்துப் போகிறார்கள். இப்படிப்பட்டவர்கள் வாழும் ஊராக இருந்தால் அந்தப் பள்ளத்துக்கு யாராவது ஒரு கயிறு கட்டியிருப்பார்கள்.

ஜனவரி 30, வெள்ளி

இன்று ஒப்படைக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது. ஒன்று குறைகிறது. புதிதாக ஒரு ஆளை யோசிக்க மண்டையில் ஒன்றும் மிச்சமில்லை. ஒரு பெயர் எழுதினேன். வயது இருபத்தொன்று. பேனா தானாகப் போனது.

முதல் அட்டை 112. மூன்றாவது 104. இரண்டாவது 84. ரொம்பத் தூக்கலாகவும் இல்லை, ஜெயித்தும் விட்டது.

அம்மாவுக்கு முறுக்கு வாங்கிக்கொண்டு போனேன். "என்னடி விசேசம்?" என்றாள். "வேல முடிஞ்சுது" என்றேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஞானசேகர் சார் கதவைச் சாத்தச் சொன்னார். முப்பது படிவம் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

"முப்பது பேருக்குப் போன் போட்டேன். எட்டுப் பேரு முதல் கார்டுன்னான். ஏன்னு கேட்டா எட்டுப் பேரும் 'அதுல ஒரு மனுஷன் இருக்கான்'ங்கிறான். ஒரே வரி. பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. அதுல ஒருத்தன் பின்னாடி ஹார்ன் அடிக்குது, 'சார் சீக்கிரம் கேளுங்க, ஆர்டர் ஆறுது'ங்கிறான்."

நான் அந்த முப்பதில் டீ சிந்திய படிவத்தைத் தேடினேன்.

"சரி, பொண்ணு டீக்கடையில உக்காந்துட்டான்னு நெனச்சேன். எல்லாரும் ஒரு தடவை பண்றதுதான். ஆனா முன்னூறாவது ஃபார்ம். தீபன், இருபத்தொன்னு. ஃபார்ம்ல முதல் கார்டுன்னு எழுதியிருக்க. போன் போட்டா ஒரு அம்மா எடுத்தாங்க. தீபன் இருக்காருங்களான்னேன். 'அவன் வெளிய போயிருக்கான், இன்னா வேணும்'னாங்க. இப்படி மூணு கார்டு காட்டினாங்களே, அதுல எதைப் பிடிச்சதுன்னு சொன்னாருன்னு தெரியணும்மான்னேன். அப்புறம், 'நான் சொல்றேன், எழுதிக்கோ சார். மூணாவது. ஆளு இல்லாத ரோடு. அதான் அவனுக்குப் புடிக்கும்'னாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா, நீ எழுதுன பொய்யிலயே அது ஒண்ணுதான் மாறி வந்திருக்கு. யாரு அது? விலாசம் உன் விலாசமா இருக்கு."

"தம்பி."

"வீட்டு ஆளுங்ககிட்ட எடுக்கக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

சிரித்துவிட்டேன். அவருக்கு அது திமிராகப் பட்டிருக்கும். நாளைக்கு அஷ்வத் ஆபீசுக்கு வரச் சொன்னார். செய்ததை நீயே சொல்லிவிடு, என் ஆபீஸ் பேரைக் காப்பாற்று என்றார். அதற்கப்புறம் நான் வேலைக்கு வர வேண்டாம்.

அம்மாவின் போன் ரீசார்ஜ் தீர்ந்து மூன்று மாதமாகிறது. தீபன் நம்பரை மட்டும் ஒரு மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்கிறாள். எனக்கு இது தெரியும். தெரிந்தேதான் அந்த நம்பரை எழுதினேனா?

பிப்ரவரி 4, புதன்

சொன்னேன். எண்பத்தெட்டு படிவம் நான் எழுதியது, மிச்சம் உண்மை என்று. அஷ்வத் கோபப்படவில்லை. ஏன் என்றுதான் கேட்டான். ஞானசேகர் சார் முன்னூறாவது படிவத்தை எடுத்து, இது இவ தம்பி என்று அவன் முன்னால் வைத்தார். அஷ்வத் நம்பரைப் பார்த்தான். தன் போனை எடுத்து அந்த நம்பரைத் தட்டினான். திரையில் 'தீபன் ரைடர்' என்று வந்தது. அதன் கீழே அவன் அனுப்பிய செய்திகள். ப்ரோ எப்படி இருக்கீங்க. ப்ரோ கேம் ரெடி ஆகுது, வந்து பாருங்க. ப்ரோ பிஸியா. ப்ரோ ஏதாவது தப்பாப் பண்ணிட்டோமா.

"இவரை நான் ஒரு வருஷமாத் தேடறேன். இவர் உங்க தம்பியா? எங்க இருக்கார்?"

"செத்துட்டான். பதினாலு மாசம் ஆவுது."

இந்த நோட்டில் இந்த வார்த்தையை இதுவரை எழுதியதில்லை.

ஞானசேகர் சார் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அஷ்வத் எப்படி என்று கேட்டான். மழை, பள்ளம், நான்கு நிமிடம் என்று சொன்னேன். அவன் அழுதான். நடிப்பில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதான். அந்த நேரத்தில் அவன்மேல் எனக்கு வெறுப்பில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

பிறகு முகம் கழுவிவிட்டு வந்தான்.

"இதை மறைக்கக் கூடாது எழிலரசி. ஜனங்களுக்கு இது தெரியணும். சர்வே கிடக்கட்டும். ஃபர்ஸ்ட் கார்டே போடறோம். அதே முகம். கீழ ஒரே ஒரு லைன், 'இது உண்மைக் கதை'. அவர் பேரு, தேதி. இதோட இம்பாக்ட் வேற லெவல்ல இருக்கும். பெங்களூர் கேம் ஃபெஸ்டிவல்ல இதைத்தான் எல்லாரும் பேசுவாங்க."

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஒரு மாதமாக எதற்குப் பொய் எழுதினேனோ, அது உண்மையைச் சொன்ன கால் மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. அவன் உயிரோடு இருபத்து நான்கு ஓட்டு வாங்கினான். செத்தவுடன் போட்டியே இல்லை.

ஒரு காகிதம் கொடுத்தான். முகத்தையும் பெயரையும் பயன்படுத்தச் சம்மதம். அம்மா கையெழுத்துப் போட வேண்டும்.

பிப்ரவரி 5, வியாழன்

காகிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னாள்.

"அந்தத் தண்ணில நிக்கிற படமா?"

"அதான்மா. அவன் மூஞ்சி தெரியற படம் அது ஒண்ணுதான்."

"போட மாட்டேன்."

"ஊரே பாக்கும்மா. அவன எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சு? ரா முழுக்க தண்ணில கெடந்தான்டி எம்புள்ள. படத்துலயும் அங்கயே நிக்க வெக்கணுமா? சொவுத்துல ஒட்டுனா மழ பேஞ்சா அதும் நனையும். எவன் வந்து தொடைப்பான்?"

சத்தம் போட்டேன். ஒரு மாதமாக எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா என்றேன். போன் எடுத்து நீ ஏன் மூணாவது என்று சொன்னாய் என்றேன். அம்மா நிதானமாகச் சொன்னாள்.

"அந்த சாரு நல்ல மாதிரி கேட்டாரு. தீபனுக்கு எது புடிச்சுதுன்னு. இந்த ஒரு வருசத்துல அவனப் பத்தி அவனுக்கு இன்னா புடிக்கும்னு கேட்ட மொத ஆளு அவருதான். பொய் சொல்ல மனசு வரல. ரோடு காலியா கெடந்தா அவன் வூடு வந்து சேந்திருப்பான். அதான் சொன்னேன்."

நான் கீழே எட்டு மாடி இறங்கி, பிளாக்கைச் சுற்றி நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். பையில் ஒரு வெற்றுப் படிவம் மிச்சம் இருந்தது. அம்மா எதிரில் உட்கார்ந்தேன்.

"பேரு?"

"இன்னாடி வெளையாட்டு இது? வேதவல்லி."

"வயசு?"

"நாப்பத்தெட்டோ ஒம்போதோ."

"கடந்த ஆறு மாதத்தில் பணம் கொடுத்து ஏதாவது கேம் வாங்கினீங்களா?"

"இல்ல."

நன்றி கூறி முடிக்கவும் என்று இருந்தது. நான் முடிக்கவில்லை. மூன்று அட்டையையும் அவள் முன் பரப்பினேன். எதையும் கையில் பிடிக்கவில்லை. அவள் மூன்றாவதைக் காட்டினாள். காரணம் என்ற கோட்டில் அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். நான் ஒழுங்காக எடுத்த படிவம் இது ஒன்றுதான். இதைக் கேட்டு வாங்க ஆளில்லை.

பிப்ரவரி 7, சனி

கையெழுத்தில்லாத காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அம்மா மூன்றாவதைத்தான் கேட்கிறாள், சர்வேயில் நிஜமாக ஜெயித்ததும் அதுதான் என்றேன். அஷ்வத் மென்மையாகத் தலையாட்டினான். "அம்மா ஃபீலிங்கை ரெஸ்பெக்ட் பண்றோம்" என்றான்.

பிப்ரவரி 11, புதன்

வேறொரு சர்வே ஆபீசில் கேட்டேன். ஞானசேகர் சாரிடம் விசாரிப்பார்களாம்.

பிப்ரவரி 21, சனி

தரமணி பாலத்துக்குக் கீழே சுவரொட்டி. வரிசையாகப் பன்னிரண்டு.

மஞ்சள் மழைக்கோட்டு. இடுப்பளவுத் தண்ணீர். ஹெல்மெட் இப்போது கையில் இல்லை, தலையில். கறுப்புக் கண்ணாடி இறக்கிவிடப்பட்டிருக்கிறது. முகம் இல்லை, பெயர் இல்லை. ஆகவே யார் சம்மதமும் தேவையில்லை. கீழே ஒரே ஒரு வரி: 'உண்மைக் கதை'.

முகத்தை அழித்தவர்கள் தோளை மறந்துவிட்டார்கள். கறுப்பு டேப் அப்படியே இருந்தது. பெருக்கல் குறி, பிய்ந்த முனை. அதை ஒட்டிய காலையில் அவன், "சீக்கிரம் ஒட்டுக்கா, லாகின் பண்ணணும்" என்று அவசரப்படுத்தினான். அதனால்தான் அந்த முனை சரியாக ஒட்டவில்லை.

பிய்க்கலாம் என்று ஒன்றில் நகத்தை வைத்தேன். பசை இன்னும் ஈரமாக இருந்தது. தோள் வரை வந்தது. மிச்சம் பதினொன்று இருந்தது. நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா தீபனின் போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"படம் ஒட்டிட்டாங்களாடி?"

"ம்."

"எத ஒட்டுனாங்க?"

"மூணாவது."

"ஆளு இல்லாத ரோடா?"

"ஆமாம்மா. ஆளு இல்லாத ரோடு."

அவள் தலையாட்டினாள். இதற்கு யாரும் போன் போட்டுச் சரிபார்க்கப் போவதில்லை. அவள் தரமணிப் பக்கம் போவதுமில்லை.